சொற்பட்டியல் வடிகட்டலில் உறுப்புச் சோதனை: தமிழ்த் தரவுகளை முன்வைத்து

முன்னுரை

ஓர் அணியின் உறுப்புகளுள் மற்றோர் அணியில் இடம்பெறுவனவற்றைத் தெரிந்தெடுத்தலும் விலக்குதலும் நிரலாக்கத்தின் அடிப்படைச் செயல்களாகும். ஒரு பனுவலிலிருந்து ‘அந்த’, ‘என்று’, ‘கொண்டு’ முதலிய இலக்கணச் சொற்களை விலக்கிச் சொல்வருகையைக் கணக்கிடும் ஆய்வுகள் இச்செயலைச் சார்ந்துள்ளன. நிரல் தடையின்றி இயங்கியும் முடிவு பிழைபடும் இடங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டியலும் கணமும்

பைத்தான் மொழியில் விலக்குச்சொற்களைப் பட்டியலாக வைத்தால், பனுவலின் ஒவ்வொரு சொல்லும் அதன் உறுப்புகளோடு வரிசையாக ஒப்பிடப்படும். 10,000 சொற்கள் கொண்ட பனுவலுக்கும் 200 விலக்குச்சொற்களுக்கும் 20 லட்சம் ஒப்பீடுகள் வரை தேவைப்படலாம். விலக்குச்சொற்களைக் கணமாக மாற்றினால், அவை எத்துணை பெருகினும் ஒரு சொல்லைத் தேடும் நேரம் சராசரியாக மாறுவதில்லை. ஆனால் பனுவலையே கணமாக்குதல் கூடாது. கணத்தில் ஒரு சொல் ஒருமுறையே இடம்பெறும். ஆதலின் வருகை எண்ணிக்கையும் சொல்வரிசையும் அழியும்.

குறியீட்டு வேறுபாடு

ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தை இருவகையாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒன்று. எகரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. எனவே விலக்கப்பட வேண்டிய ‘கொண்டு’ பனுவலில் எஞ்சி நிற்கக்கூடும். இரு அணிகளையும் என்.எஃப்.சி. என்னும் ஒரே இயல்பு வடிவத்திற்கு மாற்றிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

புணர்ச்சி வேறுபாடு

‘அந்த’ என்பது வல்லினத்தின்முன் ‘அந்தக்’, ‘அந்தச்’, ‘அந்தத்’, ‘அந்தப்’ என வரும். இந்நான்கும் ‘அந்த’ என்பதோடு பொருந்தா. தமிழ்ச்சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது இலக்கண மரபு. ஆதலின் இறுதியில் மிகும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கி ஒப்பிடலாம். எனினும் ‘பேங்க்’ போன்ற கடன்சொற்கள் இதனால் சிதையும். ஆகவே நீக்கிய வடிவத்தை ஒப்பீட்டிற்கு மட்டும் பயன்படுத்தி, விளைவு அணியில் மூலச்சொல்லையே வைத்தல் தகும். ‘என்றும்’ என்பதோ ‘எக்காலமும்’ எனவும், ‘என்று’ என்பதன் உம்மையேற்ற வடிவம் எனவும் பொருள்படும். இத்தகைய சொற்களைத் தொடர் நோக்கி ஆய்வாளரே முடிவுசெய்தல் வேண்டும்.

முடிவுரை

கணினி குறியீடுகளின் ஒருமையை மட்டுமே காண்கிறது. சொல்லின் ஒருமையை வரையறுப்பது இலக்கணம். எவ்வடிவங்கள் ஒரு சொல்லாகக் கொள்ளப்பட்டன என்பதை ஆய்வாளர் விலக்குப்பட்டியலுடன் பதிவுசெய்தால்தான் சொல்வருகைக் கணக்கைப் பிறர் சரிபார்க்க இயலும்.