கிலுகிலுப்பையில் அமரும் பகல் அந்துகள்

காங்கேசன்துறைப் பக்கத்துத் தரிசுக் காணிகளில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் கிலுகிலுப்பையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். உச்சி வெயிலிலும் அதில் வந்து அமர்பவை எல்லாம் வண்ணாத்திப்பூச்சிகள் அல்ல. பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் அவற்றில் உண்டு.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணாத்திப்பூச்சிக்கு அதன் நுனி தடித்திருக்கும். அந்துக்குப் பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். இதற்குப் பிறகுதான் சிறகு.

முன்சிறகு செம்மஞ்சளாக, அதில் வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது ஆர்ஜினா அஸ்ட்ரேயா. வெண்சிறகில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி தூவியிருந்தால் உட்டெதீசா. இது அமரும்போது சிறகை உடலோடு சுற்றிக்கொள்வதால் மெல்லிய குச்சிபோலத் தெரியும். பறக்கும்போதுதான் பின்சிறகின் நெளிந்த கரிய விளிம்பு வெளிப்படும். புள்ளிகளை எண்ணிப் பெயர் சொல்ல முயல வேண்டாம். ஒரே இனத்திலும் சில புள்ளிகள் மங்கும், சில ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது, பின்சிறகின் விளிம்பு எப்படி இருக்கிறது என்பவையே நம்பத்தக்கவை. உட்டெதீசாவில் நெருங்கிய இனங்கள் உள்ளதால், படத்தை மட்டும் வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்வது சரியல்ல.

இவ்வளவு பகட்டான நிறம் ஏன்? கிலுகிலுப்பையில் கசப்பான அல்கலாயிட் நஞ்சு உண்டு. புழுக்கள் அதை உண்டு உடலில் சேர்த்துவைக்க, வளர்ந்த அந்துக்கும் அது காவலாகிறது. அமெரிக்க உட்டெதீசா ஒன்று சிலந்தி வலையில் சிக்கியபோது, சிலந்தியே வலையிழைகளை அறுத்து அதை வெளியேற விட்டதைப் பூச்சியியலாளர் தோமஸ் ஐஸ்னர் ஆராய்ந்து காட்டினார். தின்ன வருபவருக்கு முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கைதான் அந்தச் சிவப்பு.

சிறகில் வண்ணமே இல்லாத பகல் அந்தும் உண்டு. வெட்சிப்பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும் கெபனோடெஸ் ஹைலஸின் சிறகு கண்ணாடிபோல் இருக்கும். கூட்டிலிருந்து வந்ததும் முதற் பறப்பிலேயே செதில்கள் உதிர்ந்துவிடுகின்றன.

இலங்கை அந்துகளுக்கு நல்ல வழிகாட்டி முன்னரே வந்துவிட்டது. பிரெடெரிக் மூரின் ‘லெப்பிடொப்டெரா ஒவ் சிலோன்’ 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியானது. அதன் வண்ணப்படங்களுக்கு மூலம் வரைந்தவர்கள் இலங்கையரான டி அல்விஸ் குடும்பத்தினர். இன்று கைபேசிக் கமரா போதும். முன்சிறகு, பின்சிறகு, அமர்ந்திருந்த செடி மூன்றையும் படமெடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள்.

தோட்டங்களில் பசளைக்கு விதைக்கும் சணலும் கிலுகிலுப்பைக்கு உறவுதான். ஆர்ஜினாப் புழு அதையும் தின்னும். அதனால் கமக்காரருக்கு இந்தப் பூச்சிமேல் கோபம் வருவது நியாயமே. ஆனாலும் போரால் நேர்ந்த 1990 இடப்பெயர்வுக்குப் பின் பற்றையாகிப்போன காணிகளை இப்போது துப்புரவாக்குகிறவர்கள், பயிருக்கு எட்டத்தில், வேலியோரமாக நாலு கிலுகிலுப்பையை விட்டுவையுங்கள்.