நாற்பதாம் இடத்துக்கும் போட்டி உண்டு

மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன் கோடை வெயிலில் தார்ச்சாலைகளில் விரையும் ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயமே பலருக்கும் நினைவுக்கு வரும். அத்தகைய பந்தயங்கள் முடிந்து, மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில்தான் ‘சைக்ளோகிராஸ்’ எனப்படும் மற்றொரு பந்தயத்தின் பருவம் தொடங்குகிறது. செப்டம்பரில் தொடங்கும் இப்பருவம் அமெரிக்காவில் டிசம்பரிலும், ஐரோப்பாவில் பிப்ரவரியிலும் நிறைவடைகிறது. பிற விளையாட்டுகளை ஒத்திவைக்கச் செய்யும் மழையும் சேறும் உறைபனியும் இதில் விரும்பி வரவேற்கப்படுகின்றன.

இது பிரான்ஸில் பிறந்தது. குளிர்காலத்தில் உடலுறுதியைக் காக்க வயல்களையும் வேலிகளையும் கடந்து மிதிவண்டி ஓட்டிய பழக்கத்தைப் போட்டியாக மாற்றியவர் டேனியல் கூசோ என்னும் பிரெஞ்சுப் படைவீரர். 1902-இல் அவரது முயற்சியால் முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. 1910-இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஆக்டாவ் லாபிஸ், தன் வெற்றிக்குக் குளிர்காலச் சேற்றுப் பயிற்சியும் ஒரு காரணம் என்று கூறிய பிறகு இதன் புகழ் பரவியது. முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிஸில் நடந்தது. பெண்களுக்கான உலகப் போட்டி தொடங்கியதோ 2000-ஆம் ஆண்டில்தான். அரை நூற்றாண்டுத் தாமதம் என்பது விளையாட்டு வரலாற்றில் புதிய செய்தி அல்ல.

பந்தயப் பாதை இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்று. புல்வெளி, காட்டுப் பாதை, மணல், செங்குத்தான சரிவு, படிக்கட்டு என அனைத்தும் அதில் இருக்கும். 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள தடைப் பலகைகள் குறுக்கே நிறுத்தப்பட்டிருக்கும். போட்டியாளர் ஓடும் வண்டியிலிருந்து குதித்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு பலகைகளைத் தாண்டி, மறுபடி இருக்கையில் பாய்ந்து ஏற வேண்டும். ஏற முடியாத மேட்டில் வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். உலகத் தரப் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சேற்றிலும் மணலிலும் பிடிப்புக் கிடைப்பதற்காக டயரில் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 பவுண்டு அளவே காற்று அடைப்பார்கள். காற்று சற்றுக் கூடினால் வண்டி வழுக்கும். குறைந்தால் வேரிலோ கல்லிலோ மோதிச் சக்கரத்தின் விளிம்பு அடிபடும். போட்டிக்கு முன்பு பங்கேற்பாளர்கள் அதிகம் விவாதிப்பது இந்த இரண்டு மூன்று பவுண்டு வேறுபாட்டைத்தான்.

பொருளியல் ஆசிரியனாகிய என்னை மிகவும் ஈர்த்தது இப்பந்தயத்தின் கால விதி. ஓட்டப் பந்தயத்தில் தூரம் அனைவருக்கும் பொது, நேரம் வேறுபடும். இங்கே நேரம்தான் முன்கூட்டி வகுக்கப்படுகிறது. தொழில்முறை ஆண்களுக்கு ஒரு மணி நேரம். அமெச்சூர் பிரிவுகளுக்கு 30 முதல் 45 நிமிடம். தொடக்கச் சுற்றுகளில் முன்னணியாளர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டு, இன்னும் எத்தனை சுற்றுகள் என்று நடுவர்கள் அறிவிப்பார்கள். முன்னணியாளர் இறுதிக்கோட்டைக் கடந்ததும், பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் தாம் ஓட்டிக்கொண்டிருக்கும் சுற்றே கடைசிச் சுற்று. எனவே முதலிடம் பெறுபவர் ஆறு சுற்றும் கடைசியில் வருபவர் ஐந்து சுற்றும் ஓட்டியிருக்கலாம். ஆனால் இருவரும் மூச்சு வாங்கிய நேரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்த விளையாட்டின் தாயகமாக இன்று கருதப்படும் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு சேற்றில் நின்று பார்க்கிறார்கள். தொலைக்காட்சி நேரலை உண்டு. முன்னணி வீரர்களுக்குப் பங்கேற்பதற்கே பணம் தருவார்கள். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே பார்ப்பவருக்குக் கட்டணம் இல்லை; ஓட்டுபவரே பணம் கட்டுகிறார். உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்குப் பொதுவாக 30 முதல் 50 டாலர் வரை நுழைவுக் கட்டணம். காலையிலிருந்து மாலை வரை வயதுவாரியாகவும் திறன்வாரியாகவும் நடைபெறும் அமெச்சூர் போட்டிகளின் கட்டணத்தில்தான் பிற்பகலின் தொழில்முறைப் போட்டியும் அதன் பரிசுத் தொகையும் பெரும்பாலும் தாங்கி நிற்கின்றன. நாற்பதாம் இடத்தில் வருபவரின் பணத்தில் முதல் இடத்தில் வருபவர் பரிசு பெறுகிறார்.

அப்படியானால் நாற்பதாம் இடத்தில் வருபவருக்கு என்ன கிடைக்கிறது?

ஓய்வுபெற்ற பின் ஒரு குளிர்காலத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவனுடன் பணிபுரியும் கணினிப் பொறியாளர் ஒருவரின் பருவ இறுதிப் போட்டிகளைக் காண நேர்ந்தது. அவருக்கு வயது நாற்பத்தேழு. செப்டம்பரிலிருந்து வார இறுதிகளில் பன்னிரண்டு போட்டிகளில் ஓட்டியிருந்தார். அவற்றில் ஒன்றில்கூட முதல் இருபது இடங்களுக்குள் வரவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், சனி, ஞாயிறு என இரண்டு போட்டிகள் மட்டும் எஞ்சியிருந்தன.

சனிக்கிழமை காலை வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்தது. முந்தைய நாள் சக்கரங்கள் கிழித்த சேற்றுத் தடங்கள் இரவில் கல்லாக இறுகிவிட்டிருந்தன. அத்தடத்துக்குள் சக்கரம் இறங்கிவிட்டால் வண்டி தானாகத் திரும்பாது. தடம் போகும் வழியில்தான் போக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏற மேற்பரப்பு மட்டும் உருகி வழுக்கத் தொடங்கியது. இரண்டாவது சுற்றில் அவரது பின்சக்கரத்தின் கியர் மாற்றும் கருவி ஒரு வேரில் மோதி முறிந்தது. சங்கிலி தொங்கியது.

விதிப்படி, வண்டியை மாற்ற வேண்டுமென்றால் ‘பிட்’ எனப்படும் பராமரிப்புப் பகுதியில்தான் மாற்றலாம். பாதையில் பின்னோக்கித் திரும்பவும் கூடாது. தொழில்முறை வீரருக்கு அங்கே உதவியாளர்கள் கழுவித் துடைத்த வண்டியுடன் காத்திருப்பார்கள். சேறு மிகுந்த நாளில் அரைச் சுற்றுக்கு ஒரு முறைகூட வண்டி மாற்றுவார்கள். நம்மவரிடம் இருந்ததோ ஒரே வண்டி. அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். பிட்டை அடைந்தபோது, முந்தைய பிரிவில் ஓட்டி முடித்திருந்த ஒருவர் தம் வண்டியை நீட்டினார். இருக்கை இரண்டு அங்குலம் உயரம். அதிலேயே ஓட்டி முடித்தார். அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தொன்பதாவது இடம். வேலியோரம் நின்றிருந்தவர்கள் மாட்டுக் கழுத்து மணிகளை ஆட்டி எழுப்பிய ஓசை, வென்றவருக்குக் கிடைத்ததைவிட இவருக்குக் குறைவாக இல்லை.

மறுநாள் கடலோரப் பூங்காவில் மணல் போட்டி. மணலில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. கைப்பிடியை இறுகப் பற்றினால் முன்சக்கரம் புதையும். தளர்வாக விட்டு, முன்னவர் பதித்த தடத்தில் நிதானமாக மிதித்தால் கடக்கலாம். முன்னே செல்பவர் விழுந்தால் பின்னால் வரும் அனைவரும் இறங்கி ஓட வேண்டியதுதான். பருவம் முழுவதும் நம் பொறியாளரோடு முப்பது முதல் நாற்பது வரையிலான இடங்களில் மோதிக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதுவரை இருவரும் ஒருவரையொருவர் ஆறு ஆறு முறை முந்தியிருந்தார்கள்; சனிக்கிழமை ஆசிரியருக்கு ஏழாவது. கடைசிச் சுற்றில் இருவரும் ஒன்றாக மணலுக்குள் நுழைந்தார்கள். ஆசிரியர் முதலில் இறங்கி ஓடினார். பொறியாளர் இறங்காமல் மிதித்தார். மணலின் முடிவில் அவருக்குப் பத்து மீட்டர் முன்னிலை கிடைத்தது. புல்வெளி நேர்ப்பாதையில் அது ஒரு சக்கர நீளமாகக் குறைந்தது. அந்த ஒரு சக்கர நீளத்தில் முப்பத்து மூன்றாம் இடம் அவருக்கு. முப்பத்து நான்காம் இடம் ஆசிரியருக்கு. இருவரும் வண்டியின் மீதே சாய்ந்து ஐந்து நிமிடம் பேச முடியாமல் நின்றார்கள். முதலிடம் பெற்றவர் யார் என்று நான் கேட்டபோது இருவருக்கும் தெரியவில்லை.

எட்வர்ட் லேசியர், ஷெர்வின் ரோசன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 1981-இல் ‘போட்டிக் கோட்பாடு’ ஒன்றை முன்வைத்தார்கள். நிறுவனங்களில் உயர் பதவிக்கும் அடுத்த பதவிக்கும் இடையே ஊதிய இடைவெளி பெரிதாக இருப்பது ஏன் என்பதை விளக்குவது அது. பரிசு தர வரிசைப்படி வழங்கப்படுகிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் உழைப்பும் கூடும் என்பது அதன் சாரம். பல ஆண்டுகள் வகுப்பறையில் நான் கற்பித்த கோட்பாடுதான். அதன்படி முப்பத்து மூன்றுக்கும் முப்பத்து நான்குக்கும் இடையே பரிசு வேறுபாடு சுழியம் என்றால், அங்கே உழைப்பும் சுழியத்தை நெருங்க வேண்டும். மணலில் நான் கண்டது அதற்கு நேர்மாறானது.

இதற்கு ஓரளவு விடை தருபவர் டைபர் சிடோவ்ஸ்கி. 1976-இல் வெளியான ‘மகிழ்ச்சியற்ற பொருளாதாரம்’ என்னும் நூலில் அவர் வசதியையும் இன்பத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். வளமான சமூகம் வசதியைப் பெருக்கிக்கொண்டே போகிறது. ஆனால் இன்பம் என்பது சலிப்பிலிருந்தும் வசதிக்குறைவிலிருந்தும் விடுபடும் அசைவில் பிறக்கிறது. வசதி நிரந்தரமாகிவிட்டால் அந்த அசைவுக்கு இடமில்லை என்பது அவரது வாதம். வாரம் முழுவதும் வெப்பமூட்டிய அறையில் கணினி முன் அமர்ந்திருப்பவர், வார இறுதியில் தம் பணத்தைச் செலவிட்டு 45 நிமிடக் குளிரையும் சேற்றையும் வாங்குகிறார். செலவு கணிசமானது; நல்ல வண்டியின் விலை மூவாயிரம் டாலரைத் தாண்டும். ஆகவே வறியவருக்கு எட்டாத துன்பம் இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பருவ இறுதியில் அமெச்சூர்களின் மனக்குறை ஒன்று ஆண்டுதோறும் எழுகிறது. உள்ளூர்ப் போட்டிகளில் எவ்வளவு பின்தங்கினாலும் இறுதிவரை ஓட்ட விடுவார்கள். தேசியப் போட்டி போன்ற பெரிய போட்டிகளில் ‘80 சதவீத விதி’ குறுக்கிடுகிறது. முன்னணியாளர் ஒரு சுற்றை 8 நிமிடத்தில் முடிக்கிறார் என்று கொள்வோம். அவரைவிட 6 நிமிடம் 24 விநாடிக்கு மேல் பின்தங்கியவரை நடுவர்கள் பாதையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். முன்னணியாளர் பின்தங்கியவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு செல்ல நேரக் கூடாது என்பதே நோக்கம். தொழில்முறைப் பிரிவில் இது நியாயமானது. அங்கே சில விநாடிகளில் பதக்கம் கைமாறும்.

ஆனால், நாட்டின் மறுகோடியிலிருந்து விமானத்தில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, விடுதிக்கும் நுழைவுக்கும் பணம் கட்டிய ஐம்பத்தைந்து வயதுப் பிரிவினரைப் பதினைந்தாவது நிமிடத்தில் வெளியேற்றுவது வேறு விஷயம். அவர் வாங்கிய பண்டம் 45 நிமிடப் போட்டி. கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. கட்டணம் மட்டும் முழுமையாகவே பெறப்படுகிறது. வயதுப் பிரிவுகளில் பின்தங்கியவர்களை ஒரு சுற்று குறைவாகக் கணக்கிட்டு ஓட்டி முடிக்க விடலாம். உள்ளூரில் அதுதானே நடக்கிறது? அகலமான பாதையுள்ள இடங்களில் இதனால் பெரிய ஆபத்து நேர்வதாகத் தெரியவில்லை.

மற்றொரு சிக்கல் நிலம் தொடர்பானது. இப்போட்டிகள் பெரும்பாலும் நகரப் பூங்காக்களில் நடைபெறுகின்றன. சில நூறு பேர் ஈரப் புல்வெளியில் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் புல் அழிந்து மண் இறுகும். 2015 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலுள்ள சில்கர் பூங்காவில் அமெரிக்க தேசியப் போட்டி நடைபெற்றது. மழையால் நிலம் ஊறிப்போனது. முதுமரங்களின் வேர்கள் சேதமுறும் என்ற அச்சத்தால் இறுதி நாளான ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளை நகரப் பூங்காத் துறை நிறுத்தியது. பேச்சுவார்த்தைக்குப் பின் அவை திங்கள்கிழமைக்கு மாற்றப்பட்டன. மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் திரும்ப வேண்டிய அமெச்சூர்களும் சிறுவர்களும் சிலர் போட்டியிடாமலேயே ஊர் திரும்பினார்கள். அன்று பலரும் பூங்காத் துறையைச் சாடினார்கள். என் கருத்தில் துறையின் கவலை நியாயமானது; முடிவு எடுக்கப்பட்ட நேரம்தான் பிழையானது. மழை வந்தால் என்ன செய்வது என்பது, மழையை நம்பி நடத்தப்படும் விளையாட்டுக்கு அனுமதி வழங்கும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2022-இல் உலகப் போட்டியை நடத்திய ஆர்கன்சா மாநிலத்தின் ஃபேயட்வில் நகரம் வேறு வழியில் சென்றது. மிதிவண்டிக்கென்றே பாதைகள் அமைத்துத் தனிப் பூங்கா ஒன்றை உருவாக்கியது. எல்லா நகரங்களுக்கும் அத்தகைய நிதிவசதி இராது. நான் கண்ட கடலோரப் பூங்காவில், போட்டி முடிந்த மாலையே அமைப்பாளர்கள் கயிறுகளையும் முளைகளையும் பிடுங்கி, கிழிந்த புல்வெளியின் மீது வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வசந்தத்தில் அங்கே புல் விதைப்பதற்கான தொகை நுழைவுக் கட்டணத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. பொறியாளரும் ஆசிரியரும், காலுறையில் சேறு காயாத நிலையிலேயே, ஆளுக்கொரு வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு மணல் பகுதியை நோக்கி நடந்தார்கள்.