விசுவேசுவரய்யா கண்ட ஜப்பான்: தேசிய குணம் எங்கே உருவாகிறது?

பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, 1898-ஆம் ஆண்டு ஜப்பானுக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் வெளிநாடு செல்லும் இந்தியர் பெரும்பாலும் இங்கிலாந்தையே நாடினர். மைசூர் சமஸ்தானத்தில் பிறந்த இவரோ, ஓர் ஆசிய நாடு முப்பதே ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை நேரில் காண விரும்பினார். 1868-இல் பேரரசர் மெய்ஜியின் ஆட்சி தொடங்கியபோது ஜப்பான் ஒரு வேளாண் நாடு. 1898-இல் அங்கே இரயில் பாதைகளும் பஞ்சாலைகளும் மத்திய வங்கியும் நாடு தழுவிய பள்ளிகளும் இருந்தன.

பின்னர் 1909-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராகவும், 1912 முதல் 1918 வரை அதன் திவானாகவும் அவர் பணிபுரிந்தார். பதவியிலிருந்து விலகியபின் 1919-இல் மீண்டும் ஜப்பான் சென்றார். 1920-இல் அவர் வெளியிட்ட ‘இந்தியாவைப் புனரமைத்தல்’ என்னும் ஆங்கில நூலில் இந்தியாவை ஜப்பான், பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளுடன் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒப்பிட்டார். ஒரு நாட்டின் வாழ்க்கை நிலைக்கும் அந்நாட்டு மக்களின் குணத்துக்கும் உள்ள தொடர்பு என்ன என்பதே அவருடைய கேள்வி. இன்றும் அக்கேள்வி நம்மிடையே உலவுகிறது. ‘ஜப்பான்காரன் உழைப்பாளி, சிக்கனக்காரன், நேர்மையானவன், நம்மவர்க்கு அது வராது’ என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். இக்கூற்று எவ்வளவு உண்மை?

சோம்பேறிகள் எனப்பட்டவர்கள்

நூறாண்டுகளுக்கு முன்பு ஜப்பானுக்குச் சென்ற மேலைநாட்டார் எழுதி வைத்தவை இன்று நமக்கு வியப்பளிக்கும். அங்கே நீண்டகாலம் வாழ்ந்த அமெரிக்கச் சமயப் பணியாளர் சிட்னி குலிக், 1903-இல் வெளிவந்த தம் நூலில், ஜப்பானியர் பலர் சோம்பலானவர்கள் என்றும் காலத்தின் அருமை அறியாதவர்கள் என்றும் தோன்றுவதாகக் குறிப்பிட்டார். 1911-இல் அங்கே சென்ற ஆங்கிலச் சமூகவியலாளர் பியாட்ரிஸ் வெப் அம்மையாரும் ஜப்பானியரின் ஓய்வு மனப்பான்மையைக் குறைகூறினார். நேரந்தவறாமைக்கு இன்று உலகமே எடுத்துக்காட்டும் ஒரு மக்களைப் பற்றி அன்று சொல்லப்பட்டவை இவை.

குணம் இரத்தத்தில் ஊறியது எனில், இரண்டு தலைமுறைக்குள் அது எவ்வாறு மாறியது? தொழிற்சாலையின் சங்கொலியும் இரயில் அட்டவணையும் பள்ளி மணியும் வந்தபின்னரே கடிகாரத்தைப் பார்த்து வாழும் பழக்கம் வந்தது. நிலத்தை உழுபவருக்கு மழைதான் கடிகாரம். ஆலையில் பணிபுரிபவருக்கு முறைநேரம் கடிகாரம். இது ஜப்பானுக்கும் பொருந்தும், கொங்கு நாட்டுக்கும் பொருந்தும்.

ஒரே அஞ்சலகம், இருவேறு விளைவு

சேமிப்பை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் அஞ்சலகச் சேமிப்பு 1875-இல் தொடங்கியது. இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் வந்தது. இடைவெளி ஏழே ஆண்டுகள்; இரண்டுக்கும் முன்மாதிரி பிரிட்டன். ஆயினும் விளைவு வேறுபட்டது.

முதற்காரணம் கல்வி. ஜப்பான் 1872-இலேயே அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்னும் ஆணையைப் பிறப்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளியில் பெயர் பதிந்திருந்தனர். 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் மட்டுமே. கைச்சாத்திடத் தெரியாதவருக்குக் கணக்குப் புத்தகம் அச்சம் தரும் பொருளே அன்றி நம்பிக்கை தரும் பொருளாகாது.

இரண்டாவது காரணம் அரசுரிமை. ஜப்பான் தன் வரியையும் தன் திட்டத்தையும் தானே வகுத்தது. இறக்குமதித் தீர்வையில் முழு உரிமையை 1911-இல் மீட்டுக்கொண்டது. மைசூரோ, ஆண்டுதோறும் 35 லட்சம் ரூபாயைத் திறையாகப் பிரிட்டிஷ் அரசுக்குச் செலுத்திவந்த சமஸ்தானம்.

மூன்றாவது, இடைவிடாத முயற்சி. ஹானி மோட்டோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904-இல் இல்லத்தரசியருக்கென வீட்டுக் கணக்கேடு ஒன்றை வடிவமைத்தார். ‘ககெய்போ’ எனப்படும் அவ்வேட்டில் மாதத் தொடக்கத்திலேயே சேமிப்பை ஒதுக்கி, எஞ்சியதைச் செலவினங்களுக்குப் பிரித்து எழுதவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பள்ளிகளில் ‘குழந்தைகள் வங்கி’கள் நடந்தன. 1952-இல் சேமிப்பு ஊக்குவிப்புக்கென மத்தியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சிறு வைப்புகளின் வட்டிக்கு 1988 வரை வரிவிலக்கு இருந்தது. நிறுவனங்கள் ஆண்டுக்கு இருமுறை ஊக்கத்தொகையை மொத்தமாக வழங்கின. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடந்தது, ஊக்கத்தொகை வங்கிக்குச் சென்றது. இவையனைத்தும் சேர்ந்தே 1970-களின் நடுவில் ஜப்பானியக் குடும்பங்கள் தம் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சேமித்தன.

அச்சேமிப்புக் குணம் இன்று எங்கே? முதியோர் தம் வைப்பை எடுத்துச் செலவிடும் காலம் வந்ததும், 2013-14-ஆம் ஆண்டளவில் ஜப்பானியக் குடும்பச் சேமிப்பு விகிதம் ஏறக்குறைய சுழியத்தைத் தொட்டது. மக்கள் அவர்களே. சூழல் மாறியதும் ‘பிறவிக் குணம்’ எனக் கருதப்பட்டது குறைந்துபோயிற்று.

சீட்டும் ‘முஜின்’னும்

இந்தியர்க்குச் சேமிக்கத் தெரியாது என்பதும் பிழை. நம் பாட்டியரின் அஞ்சறைப்பெட்டிக் காசும், மகளுக்கென மாதந்தோறும் கட்டும் நகைச் சீட்டும் சேமிப்பே. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 700 முதல் 800 டன் தங்கம் வாங்குகிறது. தங்கத்தில் உறங்கும் பணம் தொழிலுக்குப் பயன்படுவதில்லை என்பதே வேறுபாடு.

ஜப்பானிலும் நம் சீட்டைப் போன்ற ஒரு முறை பல நூற்றாண்டுகளாக வழங்கியது. ‘முஜின்’ என்பது அதன் பெயர். ஊரார் குழுவாகச் சேர்ந்து முறையாகப் பணம் கட்டுவர். ஏலத்தின் மூலமோ குலுக்கலின் மூலமோ ஒவ்வொருவராக மொத்தத் தொகையைப் பெறுவர். ஜப்பானிய அரசு இதனைத் தடைசெய்யவில்லை. முதலில் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களாக்கிற்று. 1951-இல் தனிச்சட்டம் இயற்றி, பரஸ்பர வங்கிகளாக மாற்றிற்று. தெருச் சீட்டு அங்கே சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் வங்கியாக வளர்ந்தது. நம் நாட்டில் சீட்டு நிதிகளுக்கென மத்தியச் சட்டம் 1982-இல் வந்தது. பதிவு செய்யப்படாத சீட்டுகளில் பணத்தை இழப்போர் இன்றும் உளர். மக்கள் மனம் இரு நாட்டிலும் ஒன்றே. அதற்கு அமைந்த வாய்க்கால்தான் வேறு.

வாய்க்கால் வெட்டும் இவ்வேலையைத்தான் விசுவேசுவரய்யா மைசூரில் செய்தார். அவர் திவானாக இருந்த காலத்தில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன், 1913 அக்டோபர் 2 அன்று மைசூர் வங்கி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் தொடக்கக் கல்விச் சட்டமும், 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும், அக்காலத்திலேயே சந்தன எண்ணெய் ஆலைகளும் வந்தன. வங்கி, பள்ளி, ஆலை ஆகிய மூன்றும் ஒருங்கே வளரவேண்டும் என்பது ஜப்பான் அவருக்குக் காட்டிய வழி.

நேர்மைக்கும் ஓர் ஏற்பாடு

2011 மார்ச் மாதம் கடற்கோள் தாக்கியபின், ஜப்பானின் வடகிழக்குக் கரையில் 5,000-க்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டகங்கள் கண்டெடுக்கப்பட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் இருந்த பணத்தில் பெரும்பகுதி உரியவர்களைச் சென்றடைந்தது. இச்செய்தியைப் படிக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

அதன்பின் உள்ள ஏற்பாட்டையும் அறிதல் வேண்டும். ஜப்பானில் தெருமுனைதோறும் ‘கோபன்’ எனப்படும் சிறு காவற்கூடம் உண்டு. கண்டெடுத்த பொருளை அங்கே கொடுத்தால் எவ்விதத் தொல்லையும் இல்லை. பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி கேட்கச் சட்டமே உரிமை தருகிறது. மூன்று மாதங்களில் உரியவர் வாராவிடில் பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தமாகலாம். சிறுவர்கள் பத்து யென் நாணயத்தைக் கொண்டுவந்தாலும் காவலர் முறையாகப் பதிவு செய்துகொள்வார். நேர்மையாக இருப்பது அங்கே எளிது. நம் ஊரில் கண்டெடுத்த பணப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத் தயங்குபவர் பொருளாசையால் தயங்குவதில்லை. ‘எங்கே எடுத்தாய், ஏன் எடுத்தாய்’ என்னும் கேள்விகளுக்கு அஞ்சியே தயங்குகிறார்.

தூய்மையும் அவ்வாறே. ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பறையைத் துப்புரவு செய்கின்றனர். இந்தியரிடம் இக்குணம் இல்லை என்போர் மைசூரைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் இந்நகரை வாட்டியது. அதன்பின் 1903-இல் இங்கே நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. இந்தியாவின் முதல் நகர வாரியங்களுள் அது ஒன்று. அகன்ற தெருக்களும் நிலத்தடிக் கழிவுநீர் வழிகளும் திட்டமிட்ட குடியிருப்புகளும் உருவாயின. 2016-ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களுள் மைசூர் முதலிடம் பெற்றதற்கு அவ்வடித்தளமும் ஒரு காரணம்.

மைசூரிலிருந்து பெங்களூரு செல்லும் வழியில் பிடதியில் டொயோட்டா நிறுவனத்தின் ஆலை 1999 முதல் இயங்குகிறது. 2007-இல் அங்கே தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றும் தொடங்கப்பட்டது. ஊர்ப்புற மாணவர்கள் அங்கே ஜப்பானிய முறையில் பயின்று துல்லியமான வேலைத்திறன் பெறுகின்றனர்.

அக்கரைப் பச்சை

ஜப்பானில் எல்லாம் நலமே என்பதும் இல்லை. அங்கே சராசரி ஆயுள் ஏறத்தாழ 84 ஆண்டு. இந்தியாவில் எழுபதைச் சற்றே தாண்டியது. மருத்துவம், குடிநீர், பாதுகாப்பு ஆகியவற்றில் அவர்கள் நம்மினும் வெகுதூரம் முன்னே உள்ளனர். ஆயினும் அந்நாட்டின் இடைநிலை வயது 49, நமக்கு 28. பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். மிகையான வேலையால் இறத்தலைக் குறிக்க ‘கரோஷி’ என்றே ஒரு சொல் அம்மொழியில் உண்டு. தனிமையில் வாழ்ந்து தனிமையில் மறையும் முதியோர் அங்கே பெருங்கவலையாகியுள்ளனர்.

வைப்புதாரர் நிலையும் பொறாமைப்படத் தக்கதன்று. பல ஆண்டுகள் அங்கே சேமிப்புக் கணக்கின் வட்டி 0.001 விழுக்காடாக இருந்தது. ஒரு லட்சம் யென் போட்டால் ஓராண்டில் ஒரு யென் வட்டி. மத்திய வங்கி தன் எதிர்மறை வட்டிக் கொள்கையை 2024 மார்ச்சில்தான் கைவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. தேவராஜா சந்தையில் பூக்காரர் முதல் இளநீர்க்காரர் வரை அனைவரும் வைத்திருக்கும் க்யூஆர் குறியீடு, 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கப்பட்டது. கண்டுபிடித்த நாட்டில் நோட்டும் நாணயமும் முத்திரைக் கட்டையும் இன்னும் செல்வாக்குடன் விளங்குகின்றன. 2016-இல் யூபிஐ தொடங்கிய இந்தியாவிலோ, 2023 ஆகஸ்டு முதல் மாதந்தோறும் 1,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடக்கின்றன. ‘புதுமையை ஏற்கத் தயங்குபவர்’ என்று நம்மைக் குறிப்பிட்டவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

வாடிக்கையாளர்க்கு ஒரு சொல்

இரு நாட்டாரையும் ஒருங்கே வருத்தும் துன்பம் ஒன்று உண்டு. ‘நான்தான் பேசுகிறேன்’ என்று மகன்போல் தொலைபேசியில் அழைத்து முதியோரின் பணத்தைப் பறிக்கும் மோசடி, ஜப்பானில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. ஒருவரையொருவர் நம்பும் நற்குணமே அங்கே கள்வர்க்குத் துணையாயிற்று. இங்கே அதிகாரத்துக்கு அஞ்சும் இயல்பைப் பயன்படுத்தி ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டுகின்றனர். நம் சட்டத்தில் அவ்வாறு ஒரு கைதே கிடையாது.

ஜப்பானிய வங்கிகள் முதியோர்க்கு அறிவுரை கூறுவதோடு நிற்கவில்லை. நெடுங்காலம் ஏடிஎம் வழியே பணம் அனுப்பாத முதியவர்களின் கணக்குகளில் அவ்வசதிக்குப் பல வங்கிகள் வரம்பிட்டன. பெருந்தொகை எடுக்க வருவோரிடம் முகப்பு அலுவலர் காரணம் கேட்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தின. நம் கிளைகளிலும் அலுவலர் அவ்வாறு வினவினால், அதனைத் தலையீடு எனக் கருதவேண்டா. உங்கள் இணையவழி, யூபிஐ வரம்புகளைத் தேவைக்கேற்பக் குறைத்து வையுங்கள். வீட்டு முதியோரின் கணக்கில் குறுஞ்செய்தி அறிவிப்பு வருகிறதா, நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். ஐயம் எழுந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

ஹானி அம்மையாரின் முறையையும் இம்மாதமே தொடங்கலாம். சம்பளம் வரவான மறுநாளே ஒரு தொகை தொடர் வைப்புக்குச் செல்லுமாறு நிலையான உத்தரவு ஒன்றைக் கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மாத இறுதியில் மிச்சமானால் சேமிப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதங்களில் அது வீட்டுப் பழக்கமாகிவிடும்.