மதமா, மாமூலா? புதுச்சேரியின் ஒரு பழைய வழக்கு

1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தைப் புரட்டுகிறவர்கள், அதன் இரண்டாவது பிரிவில் பிற்பாடு செருகப்பட்ட ஒரு சின்னஞ்சிறு உட்பிரிவைப் பெரும்பாலும் கவனியாமலே தாண்டிவிடுவார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்து ‘ரெனோன்சான்’களுக்கு இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்பது அதன் சாரம், 1963-ல் இந்தியச் சட்டங்கள் இங்கு நீட்டிக்கப்பட்டபோது இந்துக்களுக்கான மற்றக் குடும்பச் சட்டங்களிலும் இந்த விலக்கு இடம்பெற்றது. தேசம் முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதாடுகிறவர்கள் கோவாவை உதாரணம் காட்டுவது வழக்கம். புதுச்சேரியை எவரும் காட்டுவதில்லை. காட்டினால் வாதம் இரு கட்சியாருக்குமே சங்கடமாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ரெனோன்சான் என்றால் துறந்தவர். சொல்லைக் கேட்டதும் காஷாயமும் கமண்டலமும் நினைவுக்கு வரலாம். ஆனால் இவர்கள் துறந்தது வீட்டையும் அன்று, மதத்தையும் அன்று. பிறப்பினால் தங்கள்மேல் கவிந்திருந்த சாதி ஆசாரச் சட்டத்தை, அதாவது இவ்வூர் மொழியில் ‘மாமூல்’ என்று சொல்லப்பட்டதை, சர்க்கார் பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட்டு விட்டுவிட்டு, விவாகம், சொத்து, வாரிசு அனைத்திலும் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இவர்கள். மதம் எங்கே முடிகிறது, மாமூல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேதான் இந்நகரத்து அரசியலும் இருந்தது என்பதை அறிய, முந்நூறு வருஷத்துக்கும் மேலே பின்னே போகவேண்டும்.

அந்தக் கோட்டைக் கிழிக்கும் உரிமைக்காக முதலில் சண்டையிட்டவர்கள் பாதிரிமார்களே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பொட்டு இடலாமா, தாழ்த்தப்பட்டோர் வீட்டில் சாகக் கிடப்பவரிடம் குரு நேரே செல்லாமல் இருக்கலாமா என்பன போன்ற விஷயங்களில் சேசு சபையார் ‘இவை உலக வழக்கம், மதமல்ல’ என்று தாராளம் காட்ட, கப்புச்சின் சபையார் ‘இவை அஞ்ஞானம்’ என்று ரோமாபுரிக்கு எழுதினார்கள். 1703-ல் போப்பாண்டவரின் பிரதிநிதியாகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன் அடுத்த வருஷமே ஒரு தீர்ப்பு வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது என்பதும் அதில் ஒரு விதி. ஒரு குன்றிமணித் தங்கத்தில் என்ன உருவம் இருக்கலாம் என்பது மூன்று கடல் தாண்டி ஒரு சர்வதேச விவகாரமாயிற்று. அது ஓய்வதற்கு நாற்பது வருஷம் பிடித்தது.

ரோமாபுரி தாலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, இங்கே கும்பினியார் உத்தியோகத்தைப் பற்றி யோசித்தார்கள். பிரெஞ்சுக் கும்பினிக்கு நெசவாளரோடும் வியாபாரிகளோடும் பேசி முடிக்கும் தலைமைத் துபாஷி ஒரு கிறிஸ்தவராகவே இருக்கவேண்டும் என்பது சேசு சபையாரின் இடைவிடாத கோரிக்கை. 1708 முதல் அந்தப் பதவியில் இருந்த நைனியப்பப் பிள்ளை மதம் மாற இசையவில்லை. 1716-ல் கவர்னர் எபேர் அவரைச் சிறைப்படுத்தி விசாரணை நடத்தினார். தீர்ப்பின்படி பகிரங்கமாகக் கசையடி பட்டு, சொத்தும் பறிபோய், மறுவருஷம் அவர் சிறையிலேயே மாண்டார். அவருடைய குமாரர் குருவப்பப் பிள்ளை செய்த காரியம் விசித்திரமானது. நீதி கேட்டுப் பாரீசுக்கே கப்பலேறி, அங்கே ஞானஸ்நானம் பெற்று, பிரான்சின் ராஜப்பிரதிநிதியான ஓர்லேயான் பிரபுவையே ஞானத்தந்தையாக அடைந்து, செவாலியே பட்டத்தோடு திரும்பிவந்து தகப்பனார் இழந்த பதவியை வகித்தார். தகப்பனார் எதை மறுத்து உயிரைவிட்டாரோ அதை ஏற்றே மகன் அவருடைய மானத்தை மீட்டார் என்பதை எவ்வாறு எடைபோடுவது? எனக்கு இன்றுவரை புலப்படவில்லை.

இந்த நைனியப்பரின் மைத்துனரான திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் தினப்படி சேதிக் குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. சம்பா கோவில் என்னும் கிறிஸ்தவ தேவாலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவரை 1745-ல் இடித்தபோது எழுந்த கொந்தளிப்பை அவர் எழுதியிருக்கிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலத் தளபதி பொஸ்காவன் நகரை முற்றுகையிட்டிருந்த சமயம் பார்த்து, சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் ஆலயம் தரைமட்டமாக்கப்பட்டதையும் அவர் மனங்கசந்து பதிந்திருக்கிறார். பல்லாண்டு காலம் பாதிரிமார் கேட்டும், ஊரார் குடிபெயர்ந்துவிடுவார்களோ என்ற அச்சத்தினால் கவர்னர்கள் தள்ளிவைத்துவந்த காரியம், வெளியே எதிரியின் பீரங்கி முழங்கியபோது உள்ளே நடந்தேறியது. இப்போது மகாத்மா காந்தி சாலையில் இருப்பது பிற்காலத்தில் எழுப்பிய ஆலயம்.

அடுத்த நூற்றாண்டில் பாதிரிமாரின் இடத்தில் வக்கீல்கள் வந்தார்கள். 1819 ஜனவரி 6-ஆம் தேதி பிறந்த உத்தரவு, பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே பிரகடனம் செய்த அதே மூச்சில், இந்தியர்கள் கிறிஸ்தவராயினும் முஸ்லிமாயினும் இந்துவாயினும் தத்தம் சாதி வழக்கப்படியே நியாயம் பெறுவார்கள் என்றும் உறுதியளித்தது. வழக்கம் இன்னதென்று நீதிபதிகளுக்கு எடுத்துரைக்க 1827-ல் ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைச் சபையும் அமைந்தது. கேட்பதற்கு இது சகிப்புத்தன்மை போலத் தோன்றும். ஆனால் வாயால் சொல்லி வந்ததெல்லாம் தீர்ப்பாக எழுதப்பட்டு இறுகிவிட்டது. எதை வழக்கம் என்பது என்ற உரிமையோ மேல்சாதிப் பெரியவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது.

1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற கத்தோலிக்க வக்கீல், ஐரோப்பியரைப் போலப் பூட்சும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். தமிழர் அங்கே அப்படி வரலாகாது என்பது மாமூல் என்று நீதிபதி அவரை வெளியேற்றினார். வெறுங்காலோடு திரும்பிவராமல் பொன்னுத்தம்பியார் பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஜெயித்தார். அந்தச் செருப்புச் சண்டையின் தொடர்ச்சியே 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிய ஆணை: விரும்பிய எவரும் மாமூலைத் துறந்து சிவில் சட்டத்தை ஏற்கலாம், ஏற்றபின் திரும்ப முடியாது, ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளவேண்டும். பொன்னுத்தம்பியார் தேர்ந்த பெயர் ‘லாபோர்த்’. வாசற்கதவு என்று பொருள்.

கதவு திறந்தது, கூட்டம் வரவில்லை. வந்தவர்களில் கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்டோருமே மிகுதி. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் திரண்ட கட்சி, ‘மதத்துக்கு ஆபத்து, மாமூலுக்கு ஆபத்து’ என்று முழங்கி, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இந்நகரத்துத் தேர்தல்களைக் கைக்குள் வைத்திருந்தது. 1884-ல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறவாதவர் ஒன்று. ஒரு மனிதன் எந்தச் சட்டத்தின்கீழ் கல்யாணம் செய்கிறான் என்பதை வைத்து அவனுடைய ஓட்டுக்கு எடை கட்டினார்கள். ‘மாமூல் காக்கப்படவேண்டும்’ என்ற கோஷத்தில் பக்தி ஒரு பங்கு இருந்திருக்கலாம். சபையில் உட்காரும் ஆசனத்தைப் பற்றிய கவலை அதைவிட அதிகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்த ஏற்பாடு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கென்றே வகுத்ததன்று. அல்ஜீரிய முஸ்லிம்கள் முழுப் பிரஜா உரிமை பெற விரும்பினால் தங்கள் மதச் சட்டத்தைக் கைவிட்டு வரவேண்டும் என்று 1865-லேயே விதித்திருந்தார்கள். 1870-ல் அந்நாட்டு யூதர்களை மட்டும் ஒரே ஆணையால் பிரஜைகளாக்கினார்கள். முஸ்லிம்களில் விண்ணப்பித்தவர் சொற்பம். சட்டத்தைக் கைவிடுவது மார்க்கத்தையே கைவிடுவதாக அவர்களுக்குப் பட்டது. அந்தப் புண் புரையோடி, 1954-ல் ஆயுதப் போராக வெடித்தது. புதுச்சேரியிலோ துறவாதவருக்கும் ஓட்டு இருந்தபடியால் சண்டை சாவடியோடும் சபையோடும் நின்றது. துறந்தவர்களில் பலர் சைகோனுக்குப் போய், ஐரோப்பியருக்குச் சமமான சம்பளமும் வாக்குரிமையும் கேட்டு வாங்கி, அங்கே வேறொரு மனஸ்தாபத்துக்கு வித்திட்டார்கள், அது தனிக்கதை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்கவேண்டும். ‘சொல்தா’ வேறு, ரெனோன்சான் வேறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்து ஓய்வூதியம் பெறுகிறவரைச் சொல்தா என்கிறோம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரியார் எல்லோரையுமே ரெனோன்சான் என்று எண்ணுவதும் பிழை. 1954 நவம்பர் முதல் தேதி நடைமுறையிலும், 1956-ஆம் வருஷத்து ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது சட்டப்படியும் இப்பிரதேசம் இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்து இங்கே வசித்தவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள்; பிரெஞ்சுப் பிரஜா உரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. தாத்தாவுக்குத் தாத்தா மாமூலைத் துறந்திருந்தும், பேரன் இந்தியப் பிரஜையாக நின்ற குடும்பங்கள் உண்டு. மாமூலை விடாமலே பிரெஞ்சுப் பிரஜையாகத் தொடர்ந்த குடும்பங்களும் உண்டு.

அந்த முதல் வகைக் குடும்பங்களுக்காகவே விவாகச் சட்டத்தில் அந்த உட்பிரிவு. ஆனால் அவர்களுக்கு இன்று பொருந்துவது பாரீசில் இன்று நடப்பிலுள்ள சட்டமன்று. 1975-ல் பிரான்ஸ் தன் விவாகரத்து விதிகளை அடியோடு மாற்றி, தம்பதியர் மனமொத்துப் பிரிவதற்கும் வழி செய்தது; அந்தத் திருத்தம் கடல் தாண்டி வரவில்லை. 1881-ல் மாமூலை வேண்டாமென்று உதறியவர்களின் சந்ததியார் நெப்போலியன் தொகுத்த பழைய கோவையோடு நிற்க, மாமூலை உயிரே போனாலும் விடோம் என்று முழங்கியவர்களின் சந்ததியாரோ மனமொத்த விவாகரத்தையும் 1976-ல் தன்னுள் சேர்த்துக்கொண்ட இந்து விவாகச் சட்டத்தின்படி வாழ்கிறார்கள்.