காலுக்கு எத்தனை அங்குலம்?

திருவொற்றியூர்க்காரர்களுக்கு மீனம்பாக்கம் இப்போது ஒரே ரயில்தான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, பெட்டியோடு ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். துபாய்க்குப் போகும் வெல்டர், சிங்கப்பூரில் 'சைன் ஆன்' செய்து கப்பல் வேலையில் சேரப் போகும் கப்பல்காரர், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டி என்று ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வெளிநாடு போகிறவர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் டிக்கெட் போடுவது ஏஜென்ட். தேதியும் நேரமும் சொல்வார். எந்த சீட் என்று யாரும் கேட்பதில்லை. நடு சீட்டில் முட்டி இடிக்க நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து போய், இறங்கியதும் வேலைக்கு நிற்கிறார்கள்.

ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் போனது. டெக் பயணிகளுக்கு நெரிசலும் குமட்டலும் நாள் கணக்கில் இருந்தன. ஆனாலும் எழுந்து நடக்க இடம் இருந்தது. பின்னாளில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு சிங்கப்பூருக்கான கடல் வழி முடிந்துபோனது. இனி விமானம்தான் என்றால், அதில் நமக்குக் கிடைக்கும் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

விமானக்காரர்கள் இதை 'பிட்ச்' என்ற கணக்கில் சொல்வார்கள். நம் சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. கட்டணம் குறைந்த விமானங்களில் 28 முதல் 30 அங்குலம். சாப்பாடு தரும் பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் 31, 32. முன் சீட்டின் முதுகுப் பருமனும் இதற்குள் அடக்கம். வீட்டில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முட்டி வரை டேப் வைத்துப் பாருங்கள். 24 அங்குலம் வந்தால், 28 அங்குல சீட்டில் முட்டிக்கு முன்னால் மிஞ்சுவது என்ன என்று உடனே புரிந்துவிடும்.

இதைச் சொகுசு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆறடிக்கு மேல் நல்ல உயரமானவர்களுக்கு மட்டுமல்ல, குள்ளமானவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய அந்த நான்கு மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன.

டிக்கெட் எடுக்கும் முன்பே கூகுள் ஃப்ளைட்ஸில் பல விமானங்களுக்கு இந்த அங்குலக் கணக்கைப் பார்க்கலாம். ஏரோலோபா தளத்தில் சீட் வரைபடம் அளவு மாறாமல் இருக்கும். ஏஜென்ட் போட்ட டிக்கெட்டாக இருந்தாலும் பிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல விமானங்களில் அதை வைத்துச் செய்யும் வெப் செக்-இன் 48 மணி நேரம் முன்பே திறந்துவிடும். நல்ல சீட் போவதும் அப்போதுதான்.

அதிக இடம் எமர்ஜென்சி கதவை ஒட்டிய வரிசைகளில்தான். கூடுதல் பணம் கேட்பார்கள். கடைசி நேரத்தில் காலியாக இருந்தால் கவுன்ட்டரில் சும்மாவே கிடைப்பதும் உண்டு: "மேடம், எக்ஸிட் சீட் இருந்தா குடுங்க" என்று வாய் விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஏ320 விமானத்தில் இப்படி இரண்டு வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும். முன் வரிசை சீட் பொதுவாகப் பின்னால் சாயாது. பின் வரிசையைக் கேளுங்கள். அங்கே உட்காருவதற்கு ஒரு பொறுப்பும் உண்டு. ஆபத்து வந்தால் சுமார் 15 கிலோ எடையுள்ள அந்தக் கதவை நீங்கள்தான் தூக்கி எறிய வேண்டும். அதனால் சிறுவர்கள், கர்ப்பிணிகள், நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தர மாட்டார்கள். பணிப்பெண் விளக்குவது புரியாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், வேறு இடம் தருவார்கள்.

முதல் வரிசையில் முட்டி இடிக்காது. ஆனால் எதிரே தடுப்புச் சுவர் இருந்தால் காலை முழுக்க நீட்ட முடியாது. கைப்பிடிக்குள்ளேயே மேஜை மடங்கியிருப்பதால் அகலமும் சற்றுக் குறையும். கழிவறையை ஒட்டிய கடைசி வரிசை வேண்டாம்.

காசு செலவில்லாத வழி ஒன்று: முன் சீட்டுக்கு அடியில் பையைத் திணிக்காமல் மேலே வைத்துவிடுங்கள். பாதம் வைக்கும் இடம் முழுதும் உங்களுக்குக் கிடைக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு நடைபாதை ஓரமே நல்லது. மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கலாம்.

அமெரிக்காவில் சீட் இடைவெளிக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று 2018-லேயே சட்டம் வந்தும் ஆண்டுக்கணக்கில் இழுபறிதான். நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ முந்திக்கொண்டால் என்ன? அதற்கு முன், ஆள் அனுப்பும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இரவு விமானத்தில் போய் மறுநாள் காலையே கப்பல் தளத்தில் நிற்கப் போகிறவருக்கு டிக்கெட் போடும்போது சீட்டையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பணம் அவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதல்ல, உங்கள் செலவில் சேர வேண்டியது.