அரை மாத்திரைக் கணக்கு

சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும், கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணி. நெல்லைச் சீமையில் அதை மானாவாரியாகப் பயிரிட்டு, காய்ந்த இலையையும் வேரையும் விற்கும் விவசாயிகள் உண்டு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1963 முதல் பயன்படும் வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்து வருவதுதான். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.

புற்றுச் செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்களால் சாரம் கட்டிக்கொள்ளும். அந்தச் சாரத்தை வின்கிறிஸ்டின் எழவிடாது. செல் பிரிய முடியாமல் மடியும். அதே நுண்குழல்கள் நரம்புகளிலும் இருப்பதுதான் சங்கடம். ஊசி போட்ட சில நாட்களில் பிள்ளைக்கு மலம் கட்டும், தாடை வலிக்கும்; ஊசிகள் சேரச் சேர நடக்கும்போது பாதம் தொய்யும். டாக்டருக்கு முன்னால் இதெல்லாம் அம்மாவின் கண்ணில்தான் படும். இரண்டு மூன்று ஆண்டு நீளும் சிகிச்சையில் பெரும்பகுதி வீட்டில்தானே நடக்கிறது!

நெல்லைச் சீமையின் மணிமுத்தாறு போன்ற ஊரில் அந்த வீட்டுச் சிகிச்சை இன்னும் கடினம். 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்று பெற்றோர் சொல்வது, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்துவிட்டதை. அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல்கூட அவசர நிலை. பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருந்தால், சூடு தணிந்ததுபோலத் தெரியும். கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். திருநெல்வேலியோ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி தருபவர் யார், கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும், மற்ற பிள்ளையை எந்த ஆச்சி வீட்டில் விடுவது என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதும் மருத்துவம்தான்.

அணையும் அருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் கையிலோ நெஞ்சிலோ வெளியே தெரியும்படி மருந்துக் குழாய் பொருத்திய பிள்ளை தண்ணீரில் முங்கக் கூடாது. அதை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பது எந்தத் தாய்க்கும் லேசல்ல.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் 1980-களில் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதுவரை இருபது சதவீதம்கூடப் பிழைக்காத நோயில், ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் கூலி இழப்பும் பயணச் செலவும் பல குடும்பங்களைச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் செய்தன. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நிறுத்தச் சொல்லும் இன்னொரு காரணமும் உண்டு: பிள்ளை தேறிவிடும். நோய் தெரியவரும்போது உடம்பில் லட்சம் கோடி அளவுக்குப் புற்றுச் செல்கள் இருக்கலாம். முதல் மாதச் சிகிச்சைக்குப் பின் நுண்ணோக்கியில் அநேகமாக எதுவும் தென்படாது. ஆனாலும் நூறு கோடிக் கணக்கில் அவை ஒளிந்திருக்கக்கூடும். அவற்றுக்காகத்தான் தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்.

அமெரிக்காவில் மருத்துவ ஆய்வாளர் ஸ்மிதா பாட்டியாவின் குழுவினர், திறக்கும் நேரத்தைப் பதிவுசெய்யும் மூடி பொருத்திய மாத்திரைப் புட்டிகளைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, நூறு வேளையில் ஐந்துக்கு மேல் தவறிய பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடியது.

மெர்காப்டோபியூரின் பெரும்பாலும் 50 மில்லிகிராம் மாத்திரையாகத்தான் கிடைக்கிறது. பிள்ளைக்கு வேண்டிய அளவு முழு மாத்திரைக் கணக்கில் அடங்காது. ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை ஒன்று, மற்ற நாள் அரை என்பதுபோல டாக்டர் வாரக் கணக்கு போட்டுக் கொடுப்பார். வீட்டில் அந்தக் கணக்கு தினசரி காலண்டரில் ஏறுகிறது: முழு மாத்திரைக்கு ஒரு வட்டம், அரைக்குப் பிறை, கொடுத்து முடித்ததும் மேலே ஒரு கோடு.