கிணற்றில் சூரர், குளத்தில் மூச்சிரைப்பு: உங்கள் ஃப்ரீஸ்டைல் எந்த ரகம்?

பனியன் கம்பெனிகள் லீவு விட்டால், பல்லடம், அவிநாசி பக்கத் தோட்டத்துக் கிணறுகளில் 'தொபுக்கடீர்' சத்தம் கேட்கும். இடுப்பில் சுரைக்குடுவையோ டியூப்போ கட்டிப் பழகியவர்கள். "நீச்சலெல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடுங்க" என்பார்கள். அவர்களே 25 மீட்டர் நீச்சல் குளத்துக்கு வந்தால், ரெண்டாவது லென்த்திலேயே சுவரைப் பிடித்து மூச்சு வாங்குகிறார்களே, ஏன்?

தெம்பு இல்லாமல் அல்ல. கிணற்றில் பத்துக் கை போட்டால் படி வந்துவிடும். தலையைத் தூக்கியே சமாளிக்கலாம். ஆனால், தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். அப்புறம் நெஞ்சாலேயே தண்ணீரைத் தள்ள வேண்டியதுதான்.

பெர்த் நகரில் பயிற்சி தரும் பால் நியூசமின் 'ஸ்விம் ஸ்மூத்' அமைப்பு, ஃப்ரீஸ்டைல் நீந்துபவர்களை ஆறு ரகமாகப் பிரிக்கிறது. கால் தாழ, தண்ணீரோடு மல்லுக்கட்டுபவர் 'ஆர்னி'. நம் கிணற்று வீரர்களில் பலர் இந்த ரகம்தான். தயங்கித் தயங்கிக் கை போடுபவர் 'பாம்பினோ'. உதைப்பையே நம்புபவர் 'கிக்டாஸ்டிக்'. கையை நீட்டி, நிறுத்தி, சறுக்குபவர் 'ஓவர்கிளைடர்'. பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேகம் செத்துவிடும். கையை வேகவேகமாகச் சுற்றுபவர் 'ஸ்விங்கர்'. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்ற ஜேனட் எவன்ஸின் கைகள் காற்றாலை போலத்தான் சுழன்றன. எல்லாம் இசைந்து வருபவர் 'ஸ்மூத்'. இயன் தோர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரகம் தெரிந்தால் மருந்தும் மாறும். "நல்லா உதைப்பா" என்று ஆர்னியிடம் சொன்னால் இன்னும் சீக்கிரம் களைப்பார். அவருக்குத் தேவை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குமிழி விட்டு மூச்சை வெளியேற்றும் பழக்கம். "இன்னும் நீட்டு" என்பது ஓவர்கிளைடருக்கு விஷம்.

அடுத்தது வேகம். நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு 400 மீட்டர் முழுமூச்சாக நீந்துங்கள். ஓய்வெடுத்து 200 மீட்டர். முதலாவது 8 நிமிடம் 40 நொடி, அடுத்தது 4 நிமிடம் 10 நொடி என்று வையுங்கள். வித்தியாசம் 4 நிமிடம் 30 நொடி. அதில் பாதி, அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 15 நொடிதான், நீங்கள் களைக்காமல் தாக்குப்பிடிக்கும் வேகம். எந்த லேனில் நிற்பது என்று கோச் முடிவு செய்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான். (2024 பாரிஸில் பாபி ஃபின்க் 1,500 மீட்டரையும் 100-க்கு 58 நொடி கணக்கில் நீந்தினார். அது வேற லெவல்!)

நெடுந்தூரத்தில் இந்தத் தாக்குப்பிடிக்கும் வேகம்தான் எல்லாமே. 1994-ல் ஈரோட்டுக்காரர் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் 6 நீரிணைகளைக் கடந்து, மிஹிர் சென்னின் 1966 சாதனையை முறியடித்தபோது அவர் இன்னும் சிறுவன்.

இது குளத்துச் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2 நிமிடம் 15 நொடி என்றால் நொடிக்கு முக்கால் மீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் ஏறக்குறையப் பாதி. பிஏபி வாய்க்காலில் தண்ணீர் நடை வேகத்தில் ஓடினாலே, எதிர்த்து நீந்துபவர் பின்னால்தான் போவார். பிடிக்கப் படி கிடையாது. கான்கிரீட் சரிவோ வழுக்கும். மாட்டிக்கொண்டால் எதிர்க்காதீர்கள், ஓட்டத்தோடு சாய்வாகக் கரையை நோக்கிப் போங்கள். அங்கே மட்டும், தலையைத் தூக்கிப் பார்க்கும் அந்தக் கிணற்றுப் பழக்கம் உதவும்.